பெயர் மட்டும் இருந்த ஆஸ்பத்திரி

மூன்று வருடத்துக்கு முன்னால், கர்க்கடக மாத மழை, அதாவது ஆடி மழை, ஓய்ந்து வெயில் தலைகாட்டத் தொடங்கிய சமயத்தில் நடந்தது இது. பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஆள் குறைத்தபோது என்னையும் அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு எலப்புள்ளியில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஒரு தொழில் செய்துவந்தேன். இன்டர்நெட்டில் பெயர் வாங்கி விற்கிற தொழில்.

இதைச் சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது. ஒரு வெப்சைட்டுக்கு முகவரி மாதிரி ஒரு பெயர் வேண்டும் அல்லவா, அதை யார் முதலில் பதிவு செய்கிறார்களோ அவர்களுக்குச் சொந்தம். ஜனங்கள் எதை அதிகமாகத் தேடுகிறார்கள், அப்படித் தேடுகிறவர்களுக்குச் சரியான பக்கம் எதுவும் கிடைக்காமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தத் தேடுகிற வார்த்தைகளையே பெயராகப் பதிவு செய்து வைத்துக்கொண்டால், அந்த வியாபாரத்தில் இருக்கிறவர் யாராவது நல்ல விலைக்கு வாங்கிக்கொள்வார். இப்படி கிரைண்டர் ரிப்பேருக்கு ஒரு பெயர் பிடித்துப் பொள்ளாச்சிக்காரர் ஒருவருக்கு விற்றிருக்கிறேன். நமக்கும் மூளை இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒருநாள் தேடல் பட்டியலை மேய்ந்துகொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். இலவசமாக டயாலிசிஸ் எங்கே செய்வார்கள் என்று கேரளத்திலிருந்து தமிழில் நிறையப் பேர் தேடிக்கொண்டிருந்தார்கள். மலையாளத்தில் தேடினால் பத்துப் பக்கம் வருகிறது. ஆங்கிலத்திலும் வருகிறது. தமிழில் ஒன்றுமே இல்லை. பாலக்காட்டுச் சித்தூர், தேவிகுளம், பீர்மேடு என்று எங்களை மாதிரித் தமிழ் ஆட்கள் இருக்கிற ஊர்களிலிருந்துதான் தேடியிருக்கிறார்கள். சிறுநீரகம் போனவர்களும் அவர்கள் வீட்டுக்காரர்களும்தான் இதைத் தேடுவார்கள் என்று யோசிக்க வேண்டியவன், 'அடடா, போட்டியே இல்லையே' என்று மட்டும்தான் யோசித்தேன். அன்றைக்கே அந்தப் பெயரைப் பதிவு செய்துவிட்டேன்.

வெறும் பெயரைவிட, ஆட்கள் வந்து போகிற பெயருக்கு மதிப்பு அதிகம். அதனால் ஒரு பக்கம் தயார் செய்தேன். மேலே கொட்டை எழுத்தில் 'இலவச டயாலிசிஸ்', அதற்குக் கீழே ஒரு கட்டிலும் மெஷினும் இருக்கிற படம், சிறுநீரகத்தைப் பற்றி எங்கிருந்தோ எடுத்த நாலு பத்தி, பாலக்காடு என்று ஊர்ப் பெயர், என் போன் நம்பர். 'இந்தப் பெயர் விற்பனைக்கு' என்பதை அடியில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் போட்டேன். வாங்குகிறவன் ஆங்கிலம் படிப்பான் என்பது என் கணக்கு.

கொஞ்ச நாளிலேயே தேடினால் முதலில் என் பக்கம்தான் வந்தது. போனும் வர ஆரம்பித்தது. ஆரம்பத்தில், "இது ஆஸ்பத்திரி இல்லீங்க" என்று சொல்லி வைத்துவிடுவேன். நான் வெளியே போயிருந்தால் என் மனைவி எடுப்பாள். "ஏனுங்க, இன்னைக்கும் நாலு பேரு ஆஸ்பத்திரினு கூப்பிட்டாங்க. ஒருத்தரு அழுவறாருங்க. அந்த நம்பரை எடுத்துப் போடுங்க" என்பாள். பெயர் சீக்கிரம் விற்றுப்போகும், அப்புறம் தொந்தரவு இருக்காது என்று சமாளித்தேன்.

விற்கிற மாதிரியும்தான் இருந்தது. கோயமுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மேனேஜர் ஆர்வமாகப் பேசினார். வருகிற போனை உடனே வைத்துவிட வேண்டாம், எந்த ஊர், என்ன வயது, வாரத்தில் எத்தனை முறை டயாலிசிஸ் என்று கேட்டு எழுதிவையுங்கள், அதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். நானும் ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். நான் இல்லாத நேரத்தில் போனை எடுக்கிற மனைவியையும் கேட்கச் சொன்னேன். முடியாது என்று சொல்லிவிட்டாள்.

அப்படி ஒரு காலைப்பொழுதில் ஓர் அம்மா கூப்பிட்டார். தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். வீட்டுக்காரருக்கு இரண்டு வருடமாக டயாலிசிஸ் என்றார். நான் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பரீட்சையில் பதில் சொல்கிற பிள்ளை மாதிரி நிதானமாகப் பதில் சொன்னார். வாரத்துக்கு இரண்டு தடவை, அதற்கு ஜீப் பிடித்துப் போய் ஒரு பகல் முழுக்கக் காத்திருக்க வேண்டும், ஜீப் குலுக்கலில் அவர் துவண்டு போகிறார் என்றெல்லாம் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

"அப்ப அங்கயே தங்கிப் பாக்குற மாதிரி கூட்டிட்டு வரலாமா சார்?" என்று கேட்டார்.

அந்த நேரம் பார்த்து மேனேஜரின் போன் இன்னொரு பக்கம் வந்துகொண்டிருந்தது. "ஆ, வாங்க வாங்க, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாவின் இணைப்பைத் துண்டித்தேன். ஒரு பேச்சை முடிப்பதற்காகச் சொன்ன வார்த்தை. சொன்னது அடுத்த நிமிடமே எனக்கு மறந்துவிட்டது.

நாலு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அதே நம்பரிலிருந்து போன்.

"சார், பாலக்காடு பஸ் ஸ்டாண்டுல எறங்கிட்டோம். ஆசுபத்திரிக்கு எந்த பஸ்ல ஏறணும்?"

அங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தேன். இன்றைக்கு லீவு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அந்த வெயிலிலும் வீட்டுக்காரர் ஸ்வெட்டர் போட்டிருந்தார். கால் வீங்கிச் செருப்புக்குள் போகாமல், செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். அந்த அம்மா மருத்துவக் காகிதங்களை ஒரு துணிக்கடைப் பையில் போட்டு மடியில் அணைத்திருந்தார். விடியற்காலையில் கிளம்பி மூணாறு, மறையூர், உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி வந்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள்.

"அம்மா, தப்பு நடந்துபோச்சுங்க. இங்க அப்படி ஆஸ்பத்திரியே இல்லீங்க."

"இல்லையா? அப்ப போன்ல பேசுனது?"

"நாந்தானுங்க."

"நீங்க டாக்டர் இல்லையா?"

"இல்லீங்க."

அந்த அம்மாவிடம் கோபமே இல்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். "அப்புறம் எதுக்கு சார் அவருக்கு வாரத்துல எத்தன மட்டம்னு கேட்டீங்க?"

அவருடைய காகிதப் பையை வாங்கக் கையை நீட்டினேன்.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னை உடைத்துப்போட்டது. அவர்கள் வழக்கமாகப் போகிற ஆஸ்பத்திரியில் அவருக்கென்று இருந்த டயாலிசிஸ் இடத்தை, இங்கே கிடைத்துவிட்டது என்று சொல்லி விட்டுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். "ஒரு சின்ன வயசுப் பொண்ணு மாசக்கணக்கா காத்துக் கெடந்தா சார். அவளுக்குக் குடுங்கன்னு நர்ஸம்மாகிட்ட சொல்லிட்டு வந்தோம்" என்றார். பயண அலைச்சலை யோசித்து, வருவதற்கு முன்னால் செய்ய வேண்டிய டயாலிசிஸையும் இங்கே வந்தே செய்துகொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள்.

ஆட்டோ பிடித்து நேராக அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நிலைமையைப் பார்த்து அன்றைக்கே அவசரமாக ஒரு முறை செய்தார்கள். ஆனால் தொடர்ந்து செய்ய இடம் வேண்டுமென்றால் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், முன்னால் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள் என்றார்கள். அவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியாது. இருந்த மெஷின்கள் அவ்வளவுதான். தேவிகுளம் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அந்தச் சின்ன வயசுப் பெண்ணுக்கு அந்த இடத்தில் ஆரம்பித்தாகிவிட்டது என்றார்கள்.

என் மனைவி எதுவும் கேட்காமல் எங்கள் அறையை அவர்களுக்கு ஒழித்துக்கொடுத்தாள். என்னோடு மட்டும் பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் பஞ்சாயத்து மெம்பர் வீட்டுக்கும், டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற ராவுத்தர் ஒருவரிடமும், தர்மத்துக்கு டயாலிசிஸ் செய்கிற ஒரு டிரஸ்டுக்கும் மாறி மாறி அலைந்தேன். ராவுத்தர்தான் எழுந்து கூடவே வந்து டிரஸ்டில் பேசினார். அடுத்த மாதம் ஓர் இடம் காலியாகும் என்றார்கள். அடுத்த மாதம்! வீட்டுக்குள் அந்த மனிதர் தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று, ஈரத் துணியை உதட்டில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அதிகம் பேசவில்லை. ஒரே ஒருமுறை, "உங்களுக்குத்தான் ரொம்பச் சிரமம்" என்றார். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

ஐந்தாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மறுபடி ஆஸ்பத்திரி. மறுபடி அவசரமாகச் செய்தார்கள். மறுநாள் காலையில் இறந்துவிட்டார். இருதயம் ஏற்கெனவே ரொம்பப் பலவீனமாக இருந்தது, இது எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று எத்தனையோ நாள் முயன்றிருக்கிறேன். முடியவில்லை.

எஸ்டேட் வரைக்கும் ஆம்புலன்ஸில் நானும் முன்சீட்டில் உட்கார்ந்து போனேன். தொழிலாளர்கள் இருக்கிற லயத்து வரிசை வீட்டு வாசலில் ஜனங்கள் கூடியிருந்தார்கள். யாரோ என்னைக் காட்டி, பாலக்காட்டில் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட சார் இவர்தான் என்றார்கள். ஒரு பெரியவர் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த அம்மா யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கிளம்பும்போது அந்த அம்மாவிடம் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "அத எடுத்துருங்க சார். வேற யாராச்சும் பஸ் ஏறிரப் போறாக" என்றார்.

வீடு திரும்பியதும் பக்கத்தை அழித்தேன். மேனேஜரிடம் பெயர் விற்பனைக்கு இல்லை என்றேன். நோட்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அந்தப் பெயரைப் பார்க்கவே பிடிக்காமல், வருடா வருடம் பணம் கட்டிப் பதிவைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்களையும் திறக்காமல் விட்டேன். அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு. ஆள் வந்துபோகிற பெயர் காலாவதியாவதற்கென்றே சிலர் காத்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன? நானே அப்படிக் காத்திருந்து பிடித்தவன்தானே! பதிவு முடிந்த கொஞ்ச நாளில் யாரோ அதை எடுத்துவிட்டார்கள். இப்போது அதில் ஏதேதோ விளம்பரங்கள் ஓடுகின்றன. யாருடையது என்றே தெரியாத ஒரு போன் நம்பர் இருக்கிறது. மூன்று முறை எழுதிக் கேட்டேன், பதில் இல்லை.

பெயரை என்னிடமே வைத்துக்கொண்டு, உண்மையில் டயாலிசிஸ் செய்கிற இடங்களின் விவரத்தை அதில் போட்டிருக்கலாம். அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. என் கையைக் கழுவிக்கொள்வதுதான் அவசரமாக இருந்தது. பிறகு வேறு பெயரில் அப்படி ஒரு பக்கம் செய்தேன். ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகக் கூப்பிட்டு விசாரித்து, தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். தேடினால் அது எங்கேயோ அடியில் கிடக்கிறது. பழைய பெயர்தான் இன்னமும் முதலில் வருகிறது.

இப்போது ஒரு மளிகை மொத்தக் கடையில் பில் போடுகிறேன். மனைவி பேசுகிறாள், ஆனால் அந்த விஷயத்தை இருவரும் எடுப்பதில்லை. பஸ் ஸ்டாண்டு வழியாகப் போக நேரும்போதெல்லாம், தேடலில் நான் மேலே கொண்டுவந்து வைத்த அந்தப் பெயரை நம்பி இன்றைக்கு யார் எந்த ஊரிலிருந்து கிளம்பியிருக்கிறார்களோ என்று நினைத்துக்கொள்கிறேன். அவர்களை வழியில் நிறுத்த என்னிடம் எதுவுமே இல்லை.