பத்து வரைக்கும்

வகுப்பு தொடங்கியதும் திரையில் கறுப்புச் சதுரங்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் இருக்கும், முகம் இருக்காது. ஆன்லைனில் பைத்தான் என்ற கணினி மொழியைச் சொல்லித்தருவது என் வேலை. பாதி தெலுங்கு, பாதி தமிழ். நகரி, புத்தூர், சித்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் ஏறும். நடுநடுவே "அர்த்தமயிந்தா?" என்பேன். புரிந்ததா என்று கேட்டு முடிக்குமுன் சாட்டில் "எஸ் சார்" சரசரவென்று ஏறும். அதை எண்ணித்தான் நிறுவனத்தின் மென்பொருள் 'பங்கேற்பு' என்று பச்சைக் கோடு போடுகிறது. ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் மைக் ரிப்பேர், நெட் இல்லை.

வடமாலபேட்டை வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து நான் கத்துவதைக் கேட்டு நைனா ஒருநாள் எட்டிப்பார்த்தார். எங்கள் வீட்டில் அப்பாவும் நைனா, பிள்ளையும் நைனா.

"யார்கிட்ட நைனா சண்ட போட்டுக்கினு கீற?"

"பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கறேன்."

"பிள்ளைங்க எங்க கீறாங்க?"

பள்ளிக்கூடத்துக்குள் போகாத மனிதர். அவருக்குத் தெரிந்தது நிறுவனத்துக்குத் தெரியவில்லை.

அந்த வாரத் தேர்வில் ஒரு கேள்வி: ஒன்று முதல் பத்து வரை எண்களை அச்சிடுக. 'ரேஞ்ச்' என்ற கட்டளையில் ஒன்று, பத்து என்று கொடுத்தால் கணினி ஒன்பதோடு நின்றுவிடும். பத்தும் வேண்டுமென்றால் பதினொன்று என்று கொடுக்க வேண்டும். இதைத் தொண்டை வறளச் சொல்லியிருந்தேன், எஸ் சாரும் வாங்கியிருந்தேன். வகுப்பே ஒன்று, பத்து என்று எழுதிவைத்திருந்தது.

திருப்பதி அலுவலகத்தில் மேலாளர் பச்சைக் கோட்டையும் மதிப்பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். எஸ் சார் வாங்க ஓர் ஆள் எதற்கு, உன் பாடத்தை ஒருமுறை பதிவு செய்து ஓடவிட்டால் போதாதா என்று தெலுங்கில் கேட்டார். அடுத்த தேர்விலும் இப்படியே வந்தால் அதுதான் நடக்கும் என்றார். வீடியோவில் என் குரல் இருக்கும், எனக்கு வேலை இருக்காது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்து, முதன்முதலாக வாங்கிய வேலை அது.

அன்று மாலை வகுப்பில் யாரும் டைப் செய்யக் கூடாது, வாயைத் திறந்து பேச வேண்டும் என்றேன். கறுப்புச் சதுரங்கள் அசையவில்லை. எரிச்சல் தலைக்கேறியது. "ரேஞ்ச்னா இதுலேர்ந்து அது வரைக்கும். இதுல புரியாததுக்கு என்ன இருக்கு?"

காணிப்பாக்கத்துப் பெண் ஒருத்தி மைக்கைத் திறந்தாள். அவள் குரலை அதுவரை நான் கேட்டதில்லை.

"சார், காணிப்பாக்கம் வரைக்கும் டிக்கெட் எடுத்தா காணிப்பாக்கத்துலதானே எறங்கணும்?"

"ஆமா."

"ஒங்க பஸ்சு முந்தின ஸ்டாப்புலயே எறக்கி வுட்டுட்டுத் திரும்பிக்கினு போவுதே சார்."

யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தமிழில் வரைக்கும், தெலுங்கில் வரக்கு. இரண்டிலுமே கடைசி ஊர் கணக்கில் உண்டு. பதினொன்று போடச் சொன்ன வாயாலேயே 'பத்து வரைக்கும்' என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் சொல்லை நம்பினார்கள்.

பிறகு ஒவ்வொரு மைக்காகத் திறந்தது. ரெண்டாவதா போடற நம்பர் எல்லைக்கல் மாதிரி சார், அதுக்கு இந்தப் பக்கம்தான் நம்ம நிலம் என்றான் நகரிப் பையன். கல் நட்ட இடம் யாருது என்று இன்னொருவன் மடக்கினான். வாதம் தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறிப் போனது. கடைசியில் 'பத்தைப் பார்த்ததும் நில், பத்தைத் தொடாதே' என்று முடிவானது. நான் அர்த்தமயிந்தா என்று கேட்கவே இல்லை.

அடுத்த தேர்வில் அநேகமாக எல்லோருமே தேறினார்கள். மேலாளர் கூப்பிட்டார், பாராட்டத்தான் என்று நினைத்துப் போனேன். கோடு சிவப்பாகியிருந்தது. பிள்ளைகள் பேசினார்கள் சார் என்றேன். பேச்சை மென்பொருள் எண்ணாது, எழுத்தைத்தான் எண்ணும் என்றார். மதிப்பெண்ணும் வேண்டும், பச்சையும் வேண்டும், இல்லையென்றால் வீடியோதான்.

அடுத்த வகுப்பில் வேறு வழியில்லாமல் சொன்னேன்: "ஒருத்தர் பேசும்போது மத்தவங்க எஸ் சார் போட்டுக்கினே இருங்க."

காணிப்பாக்கத்து மைக் திறந்தது.

"எது வரைக்கும் சார்?"