ஒரே வீடு, இரண்டு மாவட்டம்

பிஸ்கட் தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்று பெட்டி அடுக்கும் மோரீன் ஒரு நாள் தேநீர் இடைவேளையில் பெருமூச்சு விட்டாள். அவளுடைய மகன் யூனிவர்சிட்டியை விட்டுவிட்டு வான் ஓட்டப் போய்விட்டானாம். படிப்பு அலுத்துவிட்டதாம். படிப்பும் இலவசம், கைச்செலவுக்கும் அரசாங்கமே காசு அனுப்புகிறது, அப்படியும் துரைக்கு அலுப்பு! அட கோதாரி, எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இதே லண்டனில் நான் படிக்கும் 'கொலிஜ்' ஒரு ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடைக்கு மேலே இருக்கும் இரண்டு அறைகள். பகலில் இங்கே உழைப்பதை அங்கே கட்டணமாகக் கொட்டிவிட்டு, மாலையில் பொரித்த மீன் மணத்தோடு கணக்கியல் படிக்கிறேன்.

"உன் நாட்டில் நீ யூனிவர்சிட்டிக்குப் போகவில்லையா?" என்று கேட்டாள்.

"இல்லை. தங்கைதான் போனாள். அவளைவிட எனக்கு மார்க்ஸ் கூட" என்றேன்.

மோரீன் குரலைத் தாழ்த்தினாள். "அவளுக்கு வேறு அப்பாவா? பணக்காரரா?"

ஊரில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. யூனிவர்சிட்டி என்று எங்களுக்கு இருந்ததெல்லாம் அரசாங்கக் கம்பஸ்தான். உள்ளே போனால் எல்லாம் இலவசம், கதவு சாத்தப்பட்டால் எந்தப் பணக்காரனாலும் திறக்க ஏலாது. அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் கிளாக்கர், லிங்கநகரில் வீடு. தங்கை வசந்தி என்னைவிட ஒரு வயது இளையவள். சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்து நான் ஒரு வருடத்தைத் தொலைத்ததால் இருவரும் ஒரே வகுப்பு. யாழ்ப்பாணத்துப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு ஒருத்தியைத்தான் அனுப்ப முடியும் என்ற நிலையில், கெட்டிக்காரி என்று அப்பா என்னை அனுப்பினார். நான் பஸ் ஏறிய காலையில் வசந்தி என் புதுச் சப்பாத்தில் ஒன்றை ஒளித்துவிட்டாள். தேடிக் களைத்து, மற்றதைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு செருப்போடு போனேன். எரியட்டும் அவளுக்கு என்று உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

பிறகுதான் கம்பஸில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இவ்வளவு இடம் என்ற சட்டம் வந்தது. விடுதியில் என்னைத் 'திருகோணமலைக்காரி' என்றுதான் கூப்பிட்டார்கள், ஆனால் சோதனை எழுதியது அங்கே என்பதால் அரசாங்கத்துக்கு நான் யாழ்ப்பாணம். அங்கே போட்டி கடுமை. திருகோணமலையில் குறைந்த மார்க்ஸே போதும். வசந்திக்கு மெடிசின் கிடைத்தது. எனக்கு ஒன்றும் இல்லை. மறுமுறை எழுதினேன், அதே கதை. "நல்ல பள்ளிக்கூடமெண்டு நானெல்லோ கொண்டுபோய் விட்டனான்" என்று அப்பா தலையில் கைவைத்தார். அவளுக்கு இடம் கிடைத்த அன்று அம்மா குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு பாயாசம் காய்ச்சினா, எனக்குத் தெரியக்கூடாதாம். நெய்யில் முந்திரிகை வறுபடும் மணத்தை எந்தக் கதவு மறிக்கும்? நான் வெளியே போய், எங்கள் ஊர்த் தெருக்களில் ஆடுமாடுபோலத் திரியும் மான்களில் வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த ஒன்றுக்குக் கல்லெறிந்தேன்.

போன மாதம் வசந்தி இங்கே வந்தாள். டொக்டர் வசந்தி! அரசாங்கச் செலவில் பயிற்சியாம். என் அறையில் இருந்த ஒரே கதிரையில் இருந்துகொண்டு ஊர்க்கதை சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்குக் கோபம் ஏறியது.

"உங்களுக்குத் தெரியுமே அக்கா, கொழும்புப் பக்கம் காசு கட்டி டொக்டராகிற கொலிஜ் வரப்போகுதாம். கம்பஸ் பொடியளெல்லாம் கொதிச்சுப்போய் நிக்கிறாங்கள். மார்க்ஸ் குறைஞ்சவையும் நாங்களும் ஒண்டோ? அப்ப கூட எடுத்த பிள்ளை என்ன..."

என் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டாள்.

எனக்கு அவளை விட மனமில்லை. "சொல்லடி. கூட எடுத்த பிள்ளை என்ன செய்யிறது?"

தலையைக் குனிந்துகொண்டாள். "அண்டைக்கு அந்தப் பாயாசத்தை நான் வாயிலயும் வைக்கேல்ல அக்கா."

"பொய். சுரண்டிச் சுரண்டிக் குடிச்சனீ. கரண்டிச் சத்தம் எனக்குக் கேட்டது."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "ஓம், குடிச்சனான்தான். குடிச்சுப்போட்டு அழுதனான்."

மறுநாள் மாலை தொழிற்சாலை வாசலில் வந்து நின்றாள். மோரீன் அவளை மேலும் கீழும் பார்த்து, "இரண்டு பேரும் ஒரே ஊரா?" என்று கேட்டாள். வசந்தி என்னைப் பார்த்துவிட்டு, "ஒரே வீடு" என்றாள்.

கொலிஜுக்கு வரவேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் கூடவே வந்தாள். மீன்கடை வாசலில் நின்று அந்தச் சின்னப் பெயர்ப்பலகையை வாசித்தாள். ஒரு வார்த்தை கேலி செய்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அடுத்த கிழமை அவள் ஊருக்குப் போய் ஆஸ்பத்திரியில் நிற்பாள், அம்மா கதவைத் திறந்து வைத்தே சமைத்துப் போடுவா. என் பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பச்சைப் பொய். நான் படியில் கால் வைத்தபோது கீழே இருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, உங்கட மற்றச் சப்பாத்து என்ர அலுமாரிக்குள்ளதான் கிடக்கு."

அதன் சோடியை நான் எப்போதோ யாழ்ப்பாண விடுதியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். வகுப்பு தொடங்க மணி அடித்தது. நான் படியேறினேன்.