விலை பார்க்க வந்த விருந்தாளி

ஹென்ரிக் பணப்பையைத் திறப்பதற்குள் ஜெனிஷ் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். மறுகையால் டாக்சிக்காரரிடம் நோட்டை நீட்டினான். நான் பின் இருக்கையில் இருந்தேன். அலுவலகத்தில் எனக்கும் அவனுக்கும் அடுத்தடுத்த மேசை.

"விடுடா. அந்தாளு செலவு பண்ணிப் பாக்கத்தான் வந்திருக்காரு" என்றேன் எங்கள் கிர்கிஸ் மொழியில்.

"விருந்தாளி காசு குடுக்கிறத எவனாவது பாத்துட்டு நிப்பானா? நீ எந்த ஊருக்காரன்?"

விஷயம் இதுதான். ஹாம்பர்க்கில் எங்கள் கம்பெனிக்கு மென்பொருள் எழுதும் மத்தியாஸுக்கு மாதம் ஐயாயிரம் யூரோ. அவன் எழுதியதில் பிழை திருத்தும் ஜெனிஷுக்கு ஆயிரத்து இருநூறு. நாங்கள் இருக்கும் பிஷ்கெக் மலிவான ஊர் என்பது கம்பெனியின் கணக்கு. மடிக்கணினிக்கு அது தெரியாது. ஜெர்மன் விலைக்குத்தான் கிடைக்கிறது. போருக்குப் பயந்து ரஷ்யர்கள் வந்து இறங்கியபின் வாடகை இரண்டு மடங்கு. கட்ட முடியாவிட்டால் மாதக் கடைசியில் காலி செய்யும்படி ஜெனிஷின் வீட்டுக்காரர் கெடு வைத்திருந்தார். சம்பளத்தை உயர்த்தச் சொல்லி ஜெனிஷ் ஆறு மாதம் கம்பெனிக்குக் கடிதம் எழுதி நச்சரித்தான். விலைவாசியை நேரில் பார்த்து எழுத மூன்று நாளைக்கு ஹென்ரிக்கை அனுப்பினார்கள். அவர் எழுதுவதைப் பொறுத்துச் சம்பளம். சம்பளத்தைப் பொறுத்து வீடு.

ஹென்ரிக் நேர்மையானவர். கையில் சின்னக் குறிப்பேடு. கண்ணால் கண்டதை மட்டுமே எழுதுவார்.

இரண்டாம் நாள் சந்தையில் ஒரு கம்பளித் தொப்பியை எடுத்து விலை கேட்டார். ஜெனிஷ் கடைக்காரியின் காதருகே குனிந்தான். "பாதி சொல்லுங்கக்கா, மீதிய நான் தர்றேன்." அவள் கால்வாசி சொன்னாள். அவளும் இந்த ஊர்தானே.

மூன்றாம் நாள் வாடகைக்கு ஒதுக்கிய பணத்தில் ஆடு வாங்கினான். அவன் மனைவி பெர்மெத் சண்டை பிடிப்பாள் என்று காத்திருந்தேன்.

"ஒரு ஆடு போதுமா?" என்றாள்.

முதல் விருந்தாளிக்கு உரிய வேகவைத்த ஆட்டுத் தலையை ஹென்ரிக் முன்னால் வைத்தார்கள். தட்டு வைக்க மேசையில் இடமில்லை. அவர் பேனாவைத் திறந்து, இந்த ஆடு என்ன விலை இருக்கும் என்று கேட்டார். நான் ஜெனிஷின் தொடையில் இடித்தேன்.

"இப்பவாவது சொல்லித் தொலைடா."

"சாப்பிட உக்காந்தவர்கிட்டயா?"

பிறகு சிரித்த முகத்தோடு அவரிடம் ஆங்கிலத்தில், விலையெல்லாம் ஒன்றுமில்லை, எங்கள் சித்தப்பா மந்தையில் சும்மா நின்றது என்றான். சித்தப்பா பஸ் ஓட்டுகிறார். ஹென்ரிக் குறித்துக்கொண்டதை எட்டிப் பார்த்தேன். இறைச்சி: இலவசம்.

விமான நிலையத்தில் அவர் கண் கலங்கினார். மூன்று நாளில் தொப்பிக்குத் தவிர ஒரு சோம் காசுகூடச் செலவழிக்கவில்லை, ஹாம்பர்க்கில் யாருக்கும் இப்படியொரு வாழ்வு இல்லை என்றார். அந்த வாரமே கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஊர் எதிர்பார்த்ததைவிட மலிவு, சம்பளம் நியாயமாகவே இருக்கிறது, குறைக்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.

மறுநாள் வியாழன். காலையில் ஜெனிஷ் வீட்டுக்காரருக்குப் போன் செய்து காலி செய்வதாகச் சொன்னான். பெர்மெத் ஊருக்கு வெளியே இரண்டு அறை பார்த்துவிட்டு வந்தாள். அங்கிருந்து அலுவலகத்துக்கு மினி பஸ்ஸில் ஒன்றே கால் மணி நேரம். எங்கள் நேரப்படி மதியம் ஒரு மணிக்கு ஹாம்பர்க் அலுவலகம் திறந்தது. மத்தியாஸ் ஒரு பிழையை அனுப்பினான். ஐந்து மணிக்குள் ஜெனிஷ் அதைச் சரி செய்தான்.