வரப்பில் காய்ந்த பேட்டரிக் கட்டைகள்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள். பி.யு.சி.யில் பௌதிகம் படித்தவன். கம்பி ஓரிடத்தில் அறுந்திருந்தாலும் கரண்ட் ஓடாது என்று பரீட்சையில் படம் போட்டு எழுதி மார்க் வாங்கியவன். அதனால்தான் இதைச் சொல்ல இத்தனை நாள் தயங்கினேன். நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

போன வருஷம் பங்குனி மாதம். படித்த படிப்புக்கு வேலை வருகிற வரைக்கும் மரக்காணம் உப்பளத்தில் பகல் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். உப்பு வாருகிறவர்கள் இருட்டோடு இறங்கிப் பத்து மணிக்கெல்லாம் கரையேறிவிடுவார்கள், அதற்குமேல் அங்கே மனுஷன் நிற்க முடியாது, வெள்ளைப் பாத்திகளில் பட்டுத் திரும்புகிற வெயில் கண்ணைப் பிடுங்கும். சாயங்காலம் வரைக்கும் குவித்த உப்புக்குக் காவலாக ஓலைக் கொட்டகையில் நான் ஒருவன்தான். அங்கே உட்கார்ந்துதான் ஒரு மாயக்கதை எழுதினேன். பக்கத்தில் இருக்கிற கழுவெளி ஏரித் தண்ணீருக்கு அடியில் ஒரு பட்டணம், அங்கே அழைத்துப் போகப்பட்ட ஒரு ராஜகுமாரி, அவளைத் தேடி இறங்குகிற தம்பி. பதினோரு அத்தியாயம் படித்த ஒரு பத்திரிகை ஆசிரியர், கடைசி அத்தியாயத்தையும் அனுப்பு, போடுகிறோம் என்று கைப்பட எழுதியிருந்தார். அந்தக் கார்டை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

எனக்குப் பாட்டு ஓடினால்தான் பேனா ஓடும். ஆனால் எந்தப் பாட்டு என்பதில்தான் தகராறு. பழைய டிரான்சிஸ்டர் ஒன்று இருந்தது. சினிமாப் பாட்டு வைத்தால் என் கதையில் வருகிற ராஜா வாயைத் திறக்கும்போதெல்லாம் பாட்டு வரியே வந்து விழுந்தது. நாதஸ்வரம் வைத்தால் கல்யாணச் சாப்பாடு ஞாபகம் வந்து பசித்தது. வீணை வைத்தால் தூக்கம். மாதா கோவில் திருவிழாவுக்கு வந்த பேண்டு இரண்டு நாள் காற்றில் கேட்டது, அந்த இரண்டு நாளில் கதைக்குத் தேவையே இல்லாத ஒரு யுத்தத்தை எழுதித் தொலைத்தேன். பக்கத்து அளத்துக் காவல்காரன் அந்தோணி கேட்டான்: “ஏம்பா, நீ கையால எழுதுறியா, காதால எழுதுறியா?”

உண்மையில் எனக்கு வேண்டிய பாட்டு எதுவென்று எனக்குத் தெரியும். அது எந்த ஸ்டேஷனிலும் வராது. என் அக்கா அஞ்சலை உப்பு வாரும்போது முனகுகிற ஒரு மெட்டு அது. வார்த்தை கிடையாது. நீளக் கழியில் பலகை அடித்த வாரியை இழுக்கிற இழுப்புக்கு ஏற்றபடி போகும், பாத்தி முனைக்கு வந்து வாரியைத் திருப்பிப் போடுகிற இடத்தில் சட்டென்று நின்றுவிடும், அடுத்த பாத்தியில் மறுபடி முதலிலிருந்து வரும். எத்தனை பாத்தி வாரினாலும் அதே இடத்தில்தான் நிற்கும். ஒரு தடவை கேட்டேன், “மீதி எங்கக்கா?” என்று. “நீ காலேஜ் முடிச்சிட்டு வாடா, மீதிய பாடிக் காட்டறேன்” என்றாள். நான் படித்ததே அவள் காலில் வெடித்த வெடிப்புகளால்தான். நான் பரீட்சை எழுதுவதற்கு முன்னாலேயே, மழைக்காலத்தில், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

சரி, அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். காலையில் டிரான்சிஸ்டர் கரகரத்தது. எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுபோல இரண்டு பேட்டரிக் கட்டைகளையும் கழற்றி வரப்பில் வெயிலுக்கு வைத்தேன், சூடேறினால் இன்னும் இரண்டு நாள் பாடும். கொஞ்ச நேரத்தில் அது மறந்தே போய்விட்டது. உச்சி வேளையில் நோட்டை விரித்தவன் பழக்கத்தில் குமிழைத் திருகினேன். ஏதோ பாடியது. எழுத ஆரம்பித்தேன். எழுதுவதற்கு ஏற்ற பாட்டு எது தெரியுமா, கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதே நமக்குத் தெரியாமல் இருப்பது. தம்பி பட்டணத்துக் கதவைத் தொட்டுவிட்டான். அக்காள் உள்ளேயிருந்து வருகிறாள். ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் பக்கம் பக்கமாக ஓடியது.

திடீரென்று எனக்கு உறைத்தது. அந்தப் பாட்டு, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் மேலே போய்க்கொண்டிருந்தது.

பேனா நின்றது. பாட்டும் நின்றது.

கட்டை செத்துவிட்டது போலிருக்கிறது என்று பின்மூடியைத் திறந்தேன். உள்ளே கட்டைகளே இல்லை. வரப்பைப் பார்த்தேன், இரண்டும் வைத்த இடத்தில் அப்படியே வெயிலில் கிடந்தன. தனிமை, வெயில், அக்கா நினைப்பு, மூளை குழம்பியிருக்கும் என்று பௌதிகம் படித்தவன் சொல்லிக்கொண்டேன். நானும் அதோடு விட்டிருப்பேன். ஆனால் கூழ்த் தூக்கோடு அம்மா கொட்டகை வெளியில் நின்றிருந்தாள்.

“ஏன்டா நிறுத்திட்ட? நல்லாதானே பாடினு இருந்தா.”

“யாரும்மா?”

“யாரு, அஞ்சலதான். அவ கொரலு எனக்குத் தெரியாதா? பாத்தி முனையத் தாண்டிப் பாடினா இன்னிக்கு.”

நான் காலிப் பெட்டியைக் காட்டினேன். அம்மா அதைப் பார்க்கவே இல்லை, நோட்டைத்தான் பார்த்தாள். அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது.

“இன்னும் எவ்ளோ இருக்குது எழுத?”

“ஒரு பக்கம் இருக்கும்.”

தூக்கை இறக்கி வைத்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நோட்டின் மேல் கையை வைத்துச் சொன்னாள்: “முடிச்சிடாதடா தம்பி. அவ பாடி முடிச்சிட்டா பாத்திய விட்டு ஏறிடுவா.”

மீதியைப் பாடுகிறேன் என்று அக்கா சொன்னது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அம்மாவிடம் நான் சொன்னதே இல்லை.

ஆசிரியரிடமிருந்து இன்னும் இரண்டு கார்டு வந்துவிட்டது. என் பெயர் அச்சில் வர வேண்டும் என்று ஆசை இல்லாமலா? இருக்கிறது. அந்த மெட்டின் மீதியைக் கேட்க வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிது. ஆனாலும் அந்தக் கடைசிப் பக்கம் முடியவில்லை.

அம்மா இப்போது தினமும் உச்சி வேளைக்குக் கொட்டகைக்கு வருகிறாள். வந்ததும் டிரான்சிஸ்டரைத் திறந்து கட்டைகளைக் கழற்றி வரப்பில் வைக்கிறாள். எனக்கு முதுகைக் காட்டிப் பாத்தியைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்கிறாள். நான் நோட்டை விரித்து, முந்தின நாள் எழுதியதை அடித்துவிட்டு ஒரே ஒரு வரி எழுதுகிறேன், சின்ன வரியாக. அன்றைக்கு ஒரு நாளோடு சரி, எனக்கு அப்புறம் ஒன்றும் கேட்டதில்லை. ஆனால் பேனா காகிதத்தில் பட்டதும் அம்மாவின் கால் கட்டைவிரல் மண்ணில் மெல்லத் தாளம் தட்ட ஆரம்பிக்கிறது. அவள் திரும்பியே பார்ப்பதில்லை. நான் பேனாவை எடுத்ததும், அந்த விரலும் நின்றுவிடுகிறது.