அண்ணன் தனியாகச் சுற்றிய கதவு

கார்த்திகை மாதம் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை. அண்ணன் வழக்கம்போல விடியுமுன் எழுந்து, குளித்து, பழைய சோற்றைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு, ஆற்று நீரைத் தேக்கித் திறந்துவிடும் ரெகுலேட்டருக்கு நடந்தார். அளவுகல்லில் ஆற்றின் மட்டத்தைப் பார்த்து செக்‌ஷன் ஆபீசுக்குத் தொலைபேசியில் சொன்னார். கதவின் திருகுக்கம்பிகளுக்குக் கிரீஸ் தடவினார். மழை பிடித்துக்கொண்டிருந்தது.

அந்த ஒரு நாளை வைத்தே நம் உறவினர்களில் பலர் அண்ணனை எடைபோட்டார்கள். இந்த நினைவு மலர் அவர்கள் கைக்கும் போகும் என்பதால், அதையே முதலில் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது வலங்கைமானுக்குத் தெற்கே, ஆற்றங்கரையை ஒட்டிய நம் தெருவில். தகப்பனார் பண்ணையாள். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அவர் இறந்துவிட்டதால், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி அண்ணன் நாற்றுக்கட்டுத் தூக்கினார். அந்தக் கூலியில்தான் நான் படித்தேன். கழக ஆட்சி வந்த புதிதில் அவருக்குப் பொதுப்பணித்துறையில், ஆற்றுக் கதவையும் கரையையும் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் வேலை கிடைத்தது. நம் தெருவிலிருந்து அரசு வேலைக்குப் போன முதல் ஆள் அவர்தான். அவருக்குக் கோபம் சட்டென்று வரும். பொய் சொல்ல வராது. இரண்டும் அவருக்கு நன்மை செய்யவில்லை.

ரெகுலேட்டரில் அகலமான ஒரே இரும்புக் கதவு. அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு திருகுக்கம்பி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கைப்பிடி. இரண்டு பேர் எதிரெதிரே நின்று சமமாகச் சுற்ற வேண்டும். ஒரு முனை முந்தினால் கதவு கோணிக்கொண்டு சட்டத்தில் இறுகிவிடும். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருவர் "ஒண்ணு" என்று குரல் கொடுக்க, மற்றவர் "வந்தாச்சு" என்பார். பதில் வந்த பிறகே அடுத்த சுற்று. அண்ணனுக்கு எதிர்முனையில் நின்றவர் கோவிந்தராசு. மற்ற இரண்டு லஸ்கர்கள் அன்று கரை பார்க்கப் போனதாகச் சொன்னார்கள்.

பிற்பகலில் செக்‌ஷன் ஆபீசரின் உத்தரவு வந்தது: கதவை முழுவதும் ஏற்று. ஏற்றாவிட்டால் மேற்கே பலவீனமான கரை உடைந்து நம் தெருவுக்குள் ஆறு வரும். ஏற்றினால் கீழ்ப்புறம் மிராசுதாரின் சம்பா நடவு முங்கும். கூலிச் சண்டை முற்றியிருந்த காலம் அது. நம் தெரு ஆண்கள் அன்று திருவாரூர் ஊர்வலத்துக்குப் போயிருந்தார்கள். நாலு சுற்று ஏறியபோது மிராசுதாரின் காரியக்காரர் தடிகளோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அங்கே நடந்ததை அண்ணன் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

"கோவிந்தராசு, நீ குத்தகைக்கு ஓட்டுற வயலு எங்க கெடக்குன்னு ஞாபகம் இருக்கா? மொதல்ல முங்கப் போறது அதுதான். அடுத்த வருசம் அது உங்கிட்ட இருக்கணுமா, வேணாமா?" என்று கேட்டார் காரியக்காரர்.

கோவிந்தராசு கைப்பிடியை விட்டார். "அண்ணே, வயித்த பெரட்டுது. செத்த இருங்க, தோ வந்துர்றேன்."

"கைய விடாதய்யா! பாதியில நிக்கிது."

"தோ வந்துட்டேண்ணே."

அவர் திரும்பி வரவில்லை.

"என்னய்யா, ஆத்தையே ஒத்தக் கையால தூக்கப் போறியா?" என்று காரியக்காரர் சிரித்தாராம். "ஒன் தெருவுல நாலு பேரக் கூப்புடேன். ஓ, அவனுங்கதான் கொடி புடிக்கப் போயிட்டானுங்களே!"

அண்ணன் இந்த முனையில் ஒரு சுற்று சுற்றினார். ஓடிப்போய் அந்த முனையில் ஒரு சுற்று. மறுபடி இங்கே. அவர்கள் அடிக்கவில்லை. வேடிக்கை பார்த்தார்கள். கதவு கோணி இறுகியது. கைப்பிடி எகிறி மணிக்கட்டில் அடித்தது. பொழுது சாய்வதற்குள் கரை உடைந்தது. நம் தெருவின் குடிசைகளும் ஆடுமாடுகளும் விதைநெல்லும் போயின. எங்கள் தாயாரின் குடிசையும் போயிற்று. பெண்களும் பிள்ளைகளும் பள்ளிக்கூட மாடியில் ஏறித் தப்பினார்கள்.

விசாரணை தஞ்சாவூரில் நடந்தது. துணைக்கு நான் போயிருந்தேன். அதிகாரி கேட்டது இது: "ரெண்டு பேர் சுத்த வேண்டிய கதவ நீங்க ஏன் தனியா சுத்துனீங்க?"

"ரெண்டாவது ஆளு போயிட்டாருங்க ஐயா."

"அப்ப நிறுத்தியிருக்கணும்."

"நிறுத்தியிருந்தா?"

"கதவு கெட்டிருக்காது."

கோவிந்தராசு, பகலிலேயே தன் முறை முடிந்துவிட்டதாகச் சொன்னார். மற்ற இருவரும் ஆமாம் என்றார்கள். செக்‌ஷன் ஆபீசர் அதை மறுக்கவில்லை. நாலு பேர் பொறுப்பில் இருந்த கதவுக்கு, விட்டுப் போகாமல் நின்றவர் ஒருவரே பொறுப்பானார். வராந்தாவில் ஊழியர் சங்கச் செயலாளர் அண்ணனின் தோளில் கை போட்டார். "ஒருத்தரக் காப்பாத்தப் போயி மூணு குடும்பத்த நடுத்தெருவுல நிறுத்த முடியாதுங்க. ஒத்துமைன்னு ஒண்ணு இருக்குல்ல? நீங்க கல்யாணம் ஆகாத ஆளு, சமாளிச்சுக்குவீங்க."

அண்ணன் அதன்பிறகு கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பெண் கொடுக்க யாரும் முன்வரவில்லை என்பதே சரி. தற்காலிக நீக்கம், ஊதிய உயர்வு நிறுத்தம், கடைமடைக்கு மாற்றம் எல்லாவற்றையும் தாங்கினார். நம் தெரு சொன்னதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மிராசுதாரிடம் வாங்கித் தின்றுவிட்டுக் கதவைக் கெடுத்தார் என்றார்கள். பெற்ற தாயின் குடிசையை முக்க எவன் காசு வாங்குவான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. கல்யாணப் பந்தியில் அவர் உட்கார்ந்த வரிசை காலியாக இருந்ததை நானே பார்த்தேன். சாப்பிட்டு முடித்து, இலையை மடித்து, மொய் எழுதிவிட்டுத்தான் வந்தார்.

கோவிந்தராசுவின் குத்தகை நிலம் பின்னர் அவர் பேருக்கே பதிவானது. அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று அண்ணன் ஓய்வு பெறும்வரை எதிர்பார்த்தார். ஓய்வுக்குப் பிறகு அதையும் நிறுத்திக்கொண்டார். வலங்கைமானில் ஒரு வாடகை அறையில் இருந்தார். சென்ற ஆண்டு ஐப்பசியில் நுரையீரலில் நீர் கோத்து, மருத்துவமனையில் என் கையைப் பிடித்தபடி காலமானார்.

மருந்து வாங்க அலைந்த பக்கத்து அறை பீடிக்கடை பாய்க்கும், அண்ணனின் துணிகளை முகம் சுளிக்காமல் மாற்றிய செவிலியர் அம்மாவுக்கும், கேட்காமலே வண்டி கொடுத்த டிராக்டர்காரருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தெருவிலிருந்து வந்தவர்களுக்கும் நன்றி. வராதவர்களுக்கு இந்த மலரைத் தபாலில் அனுப்புகிறேன்.

ஓய்வுபெற்றோர் சங்கத்தார் இதில் சேர்க்கச் சொல்லி ஓர் இரங்கல் செய்தி தந்தார்கள். "தோளோடு தோள் நின்று ஒரே குடும்பமாக எங்களோடு உழைத்தவர்" என்று அதில் இருக்கிறது. முதல் கையெழுத்து கோவிந்தராசுவுடையது. அதை நான் சேர்க்கவில்லை. அவர்கள் தோளோடு தோள் நின்றதை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதை எழுதிவிடுகிறேன்.

கார்த்திகை பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை. உடைப்புச் செய்தி கேட்டு நான் கும்பகோணத்திலிருந்து முதல் பேருந்தில் வந்தேன். அமைச்சர் பார்வையிட வருகிறார் என்று செக்‌ஷன் ஆபீசர் பரபரத்துக்கொண்டிருந்தார். உடைப்பில் ஒரு மண்மூட்டைகூட விழவில்லை; ஆறு அந்த வழியாகவே நம் தெருவுக்குள் போய்க்கொண்டிருந்தது. ரெகுலேட்டரில் மூன்று லஸ்கர்களும் சலவைச் சட்டையில் நின்றார்கள்.

"வாங்கண்ணே, ஒரு கை கொறையுது," என்று கோவிந்தராசு கூப்பிட்டார்.

அண்ணன் வீங்கிய மணிக்கட்டில் துண்டைச் சுற்றிக்கொண்டு போனார். முனைக்கு இரண்டு பேராக, கடப்பாரையால் நெம்பிக் கோணலை எடுத்து, நால்வரும் சேர்ந்து சுற்றினார்கள். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் கதவு முழுவதும் மேலே ஏறியது. அதன் கீழே போவதற்கு ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் இருந்தது.