எக்ஸ்ரேக்குப் பதில் ஆரஞ்சுத் தோல்

என் கணவருக்கு மூன்று மாதமாக இருமல். டாக்டர் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். இந்த மனுஷன் எடுத்து வந்தது இரண்டு கிலோ கமலா ஆரஞ்சு.

சீன வைத்தியத்தில் அதன் தோலைக் காயவைத்து, இஞ்சியோடு கொதிக்கவைத்துக் குடித்தால் சளி கரைந்துவிடுமாம். யூடியூபில் பார்த்தாராம். மயிலாப்பூரில் இருந்துகொண்டு, தெருமுனை நாட்டு மருந்துக் கடையில் நான் வாங்கி வந்த சித்தரத்தையைக் கண்டு முகம் சுளித்தவர், சீனாக்காரன் தோலுக்கு மட்டும் பக்தராகிவிட்டார். பழத்தை இஷ்டத்துக்கு உரிக்கக்கூடாது. அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்படி மூன்று இதழாகக் கீற வேண்டும். பிய்ந்தால் எனக்குத் திட்டு. சுளைகளைத் தின்று தீர்ப்பதும் என் தலையில்தான் விழுந்தது. பல் கூசிப்போனது.

மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போன கீழ் வீட்டுப் பெண் நேராக என்னிடம் வந்தாள்.

"இன்னாக்கா, மாடி ஃபுல்லா தோலு காயுது? வத்தல் போட்றீங்களா?"

"எங்க வீட்டுக்காரரையே போய்க் கேளு" என்றேன்.

ஒருநாள் திடீரென்று மழை. இருமிக்கொண்டே படியேறி ஓடி, தோலையெல்லாம் துண்டில் அள்ளிக்கொண்டு, தான் மட்டும் தொப்பலாக நனைந்து வந்தார். துடைத்து ஜாடியில் அடுக்கும்போதுதான் வாயைத் திறந்தார். இது உடனே மருந்தாகாதாம். குறைந்தது மூன்று வருஷம் ஜாடியிலேயே கிடக்க வேண்டுமாம். பழசாகப் பழசாகத்தான் வீரியமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டுகிற கதை என்பார்களே, இவர் இன்னும் மண்வெட்டிக்கு இரும்பு தேடிக்கொண்டிருக்கிறார்!

"இருமல் இன்னிக்கு, மருந்து மூணு வருஷம் கழிச்சா? உங்களுக்கு மூளை இருக்கா?" என்று கத்தினேன்.

அவர் ஜாடி மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"எங்கப்பாவும் எக்ஸ்ரே எடுக்கற வரைக்கும் நல்லாத்தான் இருந்தார். எடுத்தப்புறம் ஆறே மாசம். இதுக்காவது மூணு வருஷம் டைம் குடுக்கறாங்க."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் போகவில்லை. ஜாடியைப் பிடுங்கி, ஸ்டூல் போட்டு ஏறி, பரணில் வைத்தேன்.

"அது அங்கயே இருக்கட்டும். மூணு வருஷம் கழிச்சு நீங்களே ஏறி எடுத்துக் குடுங்க, கொதிக்கவெச்சுத் தரேன். இப்ப சட்டையை மாத்திக்கிட்டுக் கிளம்புங்க. எக்ஸ்ரே எடுக்கப் போக ஆட்டோவுக்குச் சொல்றேன்."