சிவப்புச் சீமெந்துத் தரையும் மூன்று பிள்ளைகளும்

தரை துடைக்கிற உத்தியோகத்துக்கு விண்ணப்பம் போட்டு வந்தவர் எவருமில்லை. வீட்டில் ஒரு சீமெந்துத் தரையும் தவழுகிற வயதில் ஒரு பிள்ளையும் இருந்தால் நியமனம் தானாக வந்து சேரும். லீவு கிடையாது. இடமாற்றம் கிடையாது. ஓய்வு பெறும் வயதைப் பிள்ளைகள்தான் தீர்மானிப்பார்கள். இதே உத்தியோகத்தில் இருக்கும் சகோதரிகளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் முழங்காலைத் தடவிக்கொண்டுதான் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும்.

நியமனம்

எங்கள் சாய்ந்தமருதுப் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். பெண்ணைப் பெற்றவர் வீட்டைக் கட்டிக் கொடுப்பார், மாப்பிள்ளை வந்து குடியேறுவார். பெண்ணுக்கு எவ்வளவு மரியாதை பாருங்கள் என்று வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். வீடு பெண்ணுடையது என்றால் தரையும் பெண்ணுடையதுதான் என்ற விஷயம் கல்யாணம் முடிந்த பிறகுதான் வெளியே வரும். எனக்குத் தந்த வீட்டில் மண் தரை. அதைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பிள்ளை மூத்திரம் பெய்தால் மண் குடித்துவிட்டுச் சும்மா கிடக்கும். சோறு சிந்தினால் கோழி வந்து பார்த்துக்கொள்ளும்.

சூறாவளி வந்து கூரையைக் கொண்டுபோன பிறகு என் கணவருக்கு வீட்டைத் திருத்தும் ஆசை வந்தது. குவைத்துக்குப் போனார். அப்போது மகள் பரீனாவுக்கு ஐந்து வயது, மகன் நௌபருக்கு மூன்று, சின்னவன் றிஸ்வி என் வயிற்றில். முதலில் வந்த காசில் கூரைக்கு ஓடு போட்டோம். அடுத்து வந்ததில் மண்டபம் முழுக்கச் சிவப்புச் சீமெந்து. தரையும் றிஸ்வியும் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தார்கள். இரண்டையும் அவர் கண்ணால் கண்டதில்லை.

வேலை முடிந்த நாள் மேசன் கரண்டியைக் கழுவிக்கொண்டே தரையையும் என் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "தங்கச்சி, தரை அம்பது வரிசம் நிக்கும். நீங்க நிப்பீங்களா எண்டு எனக்குச் சொல்லேலா."

ஏழு தண்ணீர்

சீமெந்துத் தரை கோள்மூட்டி. பிள்ளை பெய்த மூத்திரத்தைக் குடிக்காது, மறைக்காது, நடு மண்டபத்தில் பளிச்சென்று வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டும். துணியால் துடைத்தால் போய்விடும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அது செல்லாது. தொழுகிற இடம் அல்லவா? துடைத்த இடத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவினால்தான் நஜீஸ் என்கிற அசுத்தம் போகும். றிஸ்விக்கு ஒரு வயதாக இருந்தபோது ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை ஊற்றினேன். தொழுகை நேரங்களைப் பார்த்து வைத்துக்கொண்டுதான் அவன் பெய்தான் என்பது என் சந்தேகம்.

ஒருநாள் குசினியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். மண்டபத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஓதப் போகத் தொடங்கியிருந்த நௌபர், தம்பி பெய்ததைக் கண்டு எனக்கு உதவி செய்கிறான். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால், நாலு வாளி ஊற்றி முடித்து ஐந்தாவது வாளியில் முற்றத்து மணலை அள்ளிப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அதையும் ஊற்றிவிட்டான். ஏழு தண்ணீர் ஊற்ற வேண்டுமென்றும் அதில் ஒன்று மண் தண்ணீராக இருக்க வேண்டுமென்றும் ஓதிக் கொடுக்கிற லெப்பை சொல்லிக் கொடுத்தாராம். அது நாய் வாய் வைத்ததற்கான சட்டமடா என்று கத்தினேன். அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியை மேலும் கீழும் பார்த்தான்.

"அப்ப இவனுக்கும் அதுதான் உம்மா சரி."

வெள்ளைச் சாரன்

சிவப்புத் தரைக்குச் சிவப்பு மெழுகு பூச வேண்டும். பூசிவிட்டு ஒரு நாள் காயவிட்டு, தேங்காய் மட்டையால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு நாள் காயவிடு என்பதுதான் இதில் முக்கியம். பிள்ளை இல்லாத யாரோ எழுதிய சட்டம் அது.

வீட்டில் நபியின் புகழ் பாடும் மௌலூது ஓதிச் சாப்பாடு கொடுக்க ஏற்பாடு செய்திருந்தோம். இரண்டு நாள் முன்னதாகவே மெழுகி, காயவிட்டு, தேய்த்து முடித்தேன். மௌலூது அன்று காலை நௌபர் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை மண்டபத்தின் நடுவில் உருட்டிவிட்டான். எண்ணெயைச் சவர்க்காரம் போட்டு எடுத்தேன். எண்ணெயோடு பளபளப்பும் போனது. இவ்வளவு பாடுபட்டு, கடைசியில் ஊர்ச் சனத்துக்கு முன்னால் திட்டுத் திட்டாக ஒரு தரையா? மறுபடி மெழுகினேன். மேலே பாய் விரிக்கத்தானே போகிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பாயை எடுக்கப் போனால் வீட்டில் இருந்த இரண்டு பாயும் கிணற்றடியில் ஈரமாகத் தொங்குகின்றன. றிஸ்வியின் உபயம்.

லெப்பையும் வேறு ஏழெட்டுப் பேரும் இடுப்பில் வெள்ளைச் சாரனோடு வெறும் தரையில் உட்கார்ந்து ஓதினார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள், எழுந்து நேரே பள்ளிவாசலுக்கு அஸர் தொழப் போனார்கள். முன் வரிசையில் அவர்கள் நின்றபோது பின் வரிசைக்காரர்களுக்குத் தொழுகையில் கவனமே நிற்கவில்லையாம். ஒவ்வொரு சாரனிலும் பின்பக்கம் வட்டமாக ஒரு சிவப்பு. மறுநாள் நான் முகத்தை மறைத்துக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டேன். லெப்பை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அதுக்கென்ன மகள். சோறுதான் கட்டித் தருவீங்க எண்டு பாத்தம், தரையக் கட்டித் தந்துட்டீங்க."

சாக்கு வண்டி

மட்டையால் தேய்த்து என் தோள் கழன்ற காலத்தில் பரீனா ஒரு வழி கண்டுபிடித்தாள். நெல்லுச் சாக்கை விரித்து அதில் தம்பியை உட்கார வைத்து, நௌபரும் அவளுமாக மண்டபத்தைச் சுற்றி இழுத்தார்கள். றிஸ்வி போன இடமெல்லாம் தரை மின்னியது. பெற்ற பிள்ளையால் கிடைத்த முதல் பலன். ஒரு மாதம் நான் தோளை ஆட்டாமல் ராணி மாதிரி இருந்தேன்.

செய்தி பரவியது. பக்கத்து வளவுப் பிள்ளைகள் வந்தார்கள், அதற்கடுத்த வளவுப் பிள்ளைகளும் வந்தார்கள். வாசலில் வரிசை நின்றது. வந்தவர்கள் கடற்கரையில் இருந்து வந்தார்கள், காலில் கடற்கரையையும் கொண்டுவந்தார்கள். சாக்குக்கு அடியில் மணல் சேர்ந்து, தரையில் கதவிலிருந்து குசினி வாசல்வரை கோடு விழுந்திருந்ததை நான் கண்டபோது காலம் கடந்துவிட்டது. சாக்கைப் பறித்துக்கொண்டு, உங்கள் வீட்டிலும் சீமெந்துத் தரைதானே, அங்கே போய் இழுப்பதற்கென்ன என்று பக்கத்து வளவுப் பையனிடம் கேட்டேன். அவன் என்னை மிகவும் இரக்கத்தோடு பார்த்தான்.

"எங்கட உம்மா தரையப் பழுதாக்க உடமாட்டா மாமி."

மேசையில் இருந்த வாப்பா

என் கணவர் மாதம் ஒருமுறை கசெட்டில் பேசி அனுப்புவார். ஊருக்கு வருகிற யாராவது கொண்டுவந்து தருவார்கள். மேசையில் இருக்கும் கசெட் செட்டில் போட்டுக் கேட்போம். எல்லாக் கசெட்டும் ஒரே மாதிரித்தான் தொடங்கும்: "அஸ்ஸலாமு அலைக்கும். பரீனா, நௌபர், சின்னவன், வாப்பா கதைக்கிறன்." பிறகு இரண்டு கேள்வி தவறாமல் வரும். தரை பளபளப்பாக இருக்கிறதா? சின்னவன் என்னைக் கேட்கிறானா? முதல் கேள்விக்குப் பதில் என் கையில் இருந்தது. இரண்டாவதற்கு நான் என்ன சொல்வது? முகம் காணாத மனிதரை எந்தப் பிள்ளை கேட்கும்? இரண்டு வருட ஒப்பந்தம் மூன்றாக நீண்டது. இவன் இப்படியே வளர்ந்து, அவர் வந்து இறங்கும் நாளில் யாரோ என்று அழுது ஓடிவிடுவானோ என்ற பயம் எனக்கு நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. அதைக் கசெட்டில் சொல்ல முடியாது. ஆகவே தரையைப் பற்றி நிறையச் சொன்னேன்.

ஒருநாள் துவைத்துவிட்டு வந்தால் மேசையிலும் தரையிலும் சோறும் பருப்பும். கசெட் செட்டின் மூடி திறந்து, உள்ளேயும் சோறு. கதிரையில் ஏறி நின்று றிஸ்வி இன்னொரு பிடி திணித்துக்கொண்டிருந்தான். கையை ஓங்கிவிட்டேன். வாப்பாவுக்குப் பசிக்கும் என்றான். ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. வாப்பா என்றால் இந்தப் பெட்டி என்றுதான் அவன் இவ்வளவு நாளும் நினைத்திருக்கிறான். உட்கார வைத்து விளக்கலாம் என்று தொடங்கினேன். பரீனா என் கையைப் பிடித்துக் குசினிக்கு இழுத்துக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னாள்:

"உம்மா, சொல்லிராதீங்க. அப்ப அவனுக்கு வாப்பாவே இல்லாமப் போயிரும்."

வாசல் காவல்

கோடு விழுந்த தரையைப் பார்த்து அழுது முடித்த பிறகு நான் ஒரு சட்டம் கொண்டுவந்தேன். கால் கழுவாமல் எவரும் உள்ளே வரக்கூடாது. முதலில் கிணற்றடியில் கழுவச் சொன்னேன். பிள்ளைகள் ஒழுங்காகக் கழுவினார்கள். கழுவிய ஈரக் காலோடு மணல் முற்றத்தைக் கடந்து, முன்பைவிட இரண்டு மடங்கு மணலோடு வந்தார்கள். பிறகு வாளியையும் சிரட்டையையும் வாசற்படியிலேயே வைத்தேன். காவலுக்கு றிஸ்வியை நிறுத்தினேன். சும்மா விளையாட்டுக்குத்தான். அவன் அதை விளையாட்டாக எடுக்கவில்லை. படியில் நின்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, வருகிற ஆண்களையெல்லாம் மாமா என்றும் பெண்களையெல்லாம் மாமி என்றும் கூப்பிட்டுக் கால் கழுவ வைப்பான்.

ஊருக்கு அரசாங்க அதிகாரியான விதானையார் ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்க வந்தார். ஊரில் அவரை வாசலில் நிறுத்தியவர் எவருமில்லை. றிஸ்வி நிறுத்தினான். நான் ஓடி வருவதற்குள் மனிதர் செருப்பைக் கழற்றி ஒரு காலைக் கழுவி முடித்திருந்தார். அடுத்த காலுக்குச் சிரட்டையை நீட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "பள்ளிக்குப் போனாலும் கால் கழுவி ஒளு எடுக்காம நழுவலாம் புள்ள, உங்கட ஊட்டுக்கு ஏலா."

புதிதாக வந்த மாமா

அடுத்த கிழமை வருகிறேன் என்று கடைசிக் கசெட்டில் சொல்லியிருந்தார். ஆகவே இந்தக் கிழமை நான் மெழுகினேன். கோடுகளை மறைக்க இரண்டு பூச்சு. காலை பத்து மணியிருக்கும். கை முழுக்கச் சிவப்பு, தலை விரிந்து, நடு மண்டபத்தில் முழங்காலில் நிற்கிறேன். தெருக் கடப்படியில் வேன் நின்ற சத்தம். நிமிர்ந்து பார்த்தால் இரண்டு பெட்டியோடு வாசற்படிக்கு முன்னால் அவர். மெலிந்து கறுத்திருந்தார். காலில் சப்பாத்து. அவருக்கும் எனக்கும் நடுவில் கையை விரித்துக்கொண்டு றிஸ்வி.

கால் கழுவிட்டு வாங்க மாமா என்றான்.

மாமா. நான் மூன்று வருடம் பயந்தது அதுதான். நான் எழுந்து போய்ச் சொல்வதற்கு முன், அவர் பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு அவன் உயரத்துக்குக் குந்தினார். வாப்பா எங்கே மகன் என்று மெதுவாகக் கேட்டார். றிஸ்வி உள்ளே கையைக் காட்டினான். "வாப்பா மேசையில இரிக்காங்க. கால் கழுவினாத்தான் பாக்கலாம்."

அவர் சப்பாத்தைக் கழற்றினார். காலைக் கழுவினார். பிறகு முகத்தைக் கழுவினார். முகத்தை அவ்வளவு நேரம் கழுவத் தேவையில்லை, ஆனால் கழுவினார். றிஸ்வி வழிவிட்டான். மெழுகு காயாத என் தரையில், யாருடைய வீட்டுக்கோ வந்தவர் மாதிரிப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து மேசைவரை போனார். கசெட் செட்டின் முன்னால் நின்று தொண்டையைச் செருமினார். பிறகு எப்போதும் போலத் தொடங்கினார்: "அஸ்ஸலாமு அலைக்கும். பரீனா, நௌபர், சின்னவன், வாப்பா கதைக்கிறன்."

றிஸ்வி செட்டைப் பார்த்தான். அது ஓடவில்லை. அவர் வாயைப் பார்த்தான். மறுபடி செட்டைப் பார்த்தான். பிறகு என்னிடம் ஓடி வந்து என் சிவப்புக் கையைப் பிடித்து உலுக்கினான்.

"உம்மா, வாப்பா வெளிய வந்துட்டாங்க."

மெழுகு காயாத தரையில் அவர் பதித்த கால் அடையாளங்கள் போக மூன்று நாள் பிடித்தது. வேலை ஒன்றும் கடினமில்லை, நான்தான் மூன்றாம் நாள் தொடங்கினேன்.